முளைக்காத விதைகள்

இங்கிலாந்தின் சுரூஸ்பரி நகரில் 1809ஆம் ஆண்டு பிறந்தவர் சார்லஸ் டார்வின். பீகிள் கப்பலில் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் உலகைச் சுற்றிவந்த அவர், 1842இல் கென்ட் பகுதியிலுள்ள டவுன் என்னும் சிற்றூரில் குடியேறினார். ஓயாத உடல்நலிவு நெடும்பயணங்களைத் தடுத்தது. எனவே, வீட்டுத் தோட்டமும் அதனைச் சூழ்ந்த புல்வெளிகளுமே அவருடைய ஆய்வுக்கூடங்களாயின.

இல்லத்திற்கு அருகே, சுண்ணாம்பு மண் நிறைந்த சரிவில் காட்டு ஆர்க்கிட் மலர்கள் பூத்தன. டார்வின் கூரிய பென்சில் முனையை ஒரு மலருக்குள் நுழைத்தார். மகரந்தத் திரள் அதில் ஒட்டிக்கொண்டு வெளிவந்தது. ஏறத்தாழ அரை நிமிடத்தில் அது முன்னோக்கி வளைந்து, அடுத்த மலரின் சூலகமுடியைத் தொடுவதற்கேற்ற நிலையை அடைந்தது. தேன் தேடிவரும் பூச்சியின் உடலிலும் இதுவே நிகழும் என்பதை உணர்ந்த அவர், ஆர்க்கிட்களின் மகரந்தச் சேர்க்கை குறித்த நூலை 1862இல் வெளியிட்டார்.

அந்நூலில் அவர் வியப்பூட்டும் கணக்கொன்றைத் தந்தார். முப்பது கனிகளைக் கொண்ட ஒரு செடி, ஏறத்தாழ 1,86,300 விதைகளை ஈனும். அவை யாவும் தழைத்துப் பெருகுமாயின், கொள்ளுப்பேரத் தலைமுறையிலேயே உலகின் நிலப்பரப்பு ஏறத்தாழ முழுவதையும் மூடிவிடும். எனினும், ஆர்க்கிட்கள் அரியனவாகவே இருந்தன. அத்தனை விதைகளும் என்னவாயின?

இவ்வினா அவரை விடவில்லை. 1863இல் தம் தோட்டத்தில் கண்ணாடி வெப்பக்குடில் ஒன்றை அமைத்தார். விதைகளைப் பாசியின்மீது தூவினார். மேலும் பாசிகளும் லைக்கன்களும் வேண்டி, கியூ தாவரவியல் பூங்காவிலிருந்த நண்பர் ஜோசப் ஹூக்கருக்கு மடல் எழுதினார். ஆர்க்கிட் தன் இளம்பருவத்தில் பூவாத் தாவரம் ஒன்றைச் சார்ந்தே வாழ்கிறது என அவர் உறுதியாக நம்பினார். ஆயினும், தம்மிடம் சான்று ஏதுமில்லை என்பதையும் மறைக்காது ஒப்புக்கொண்டார். 1882இல் அவர் மறையும்வரை அச்சான்று கிட்டவில்லை.

1899இல் பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார்டு அவ்விடையைக் கண்டறிந்தார். முளைவிட்ட ஆர்க்கிட் விதைகளுக்குள் பூஞ்சை இழைகள் ஊடுருவியிருந்தன. தூசிபோன்று நுண்ணிய அவ்விதைகளில் போதிய உணவுச் சேமிப்பு இல்லை. மண்ணில் வாழும் பூஞ்சையே அவற்றிற்கு உணவூட்டுகிறது. தோட்டத்தில் காட்டு ஆர்க்கிட் தானே முளைத்து வளரவேண்டுமாயின், அதன் விதை மட்டும் போதாது. அதனை வளர்க்கும் பூஞ்சையும் அம்மண்ணில் உயிர்த்திருக்க வேண்டும். பூஞ்சையை அன்று பூவாத் தாவரங்களுள் ஒன்றாகவே கருதினர். டார்வின் சான்றின்றிக் கொண்டிருந்த கருத்து, அவர் மறைந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பின் மெய்யாயிற்று.