ஊரில்லாத பாடகர் ஊருக்குத் தந்த பாட்டு: ஜான் டென்வரின் வாழ்க்கைப் பயணம்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம் 2014ஆம் ஆண்டு ஒரு திரையிசை போன்ற இனிய மெட்டைத் தனது அதிகாரப்பூர்வ மாநிலப் பாடல்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. 1971இல் வெளியான 'டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்' என்னும் அப்பாடல், அதற்கு முன்பே நாற்பதாண்டுக் காலமாக அம்மாநில மக்களின் திருமணங்களிலும் இறுதிச் சடங்குகளிலும் பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்திலும் ஒலித்து வந்தது. ஆனால் அதைப் பாடி உலகறியச் செய்த ஜான் டென்வர் அம்மாநிலத்தைச் சேர்ந்தவர் அல்லர். சொல்லப்போனால், சொந்த ஊர் என்று சுட்டிக்காட்ட அவருக்கு ஓர் ஊரே இருந்ததில்லை.

1943ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி நியூ மெக்சிகோ மாநிலத்தின் ராஸ்வெல் நகரில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஹென்றி ஜான் டாய்ச்சென்டார்ஃப். தந்தையின் பெயரும் அதுவே. ராணுவ விமானியான தந்தை, பின்னாளில் 1961இல் பி-58 ஹஸ்ட்லர் ரகக் குண்டுவீச்சு விமானத்தில் வேக சாதனைகள் படைத்தவர், கண்டிப்பானவர், மகனிடம் அன்பை வெளிப்படையாகக் காட்டத் தெரியாதவர். விமானப்படைப் பணி காரணமாகக் குடும்பம் அரிசோனாவின் டூசான், அலபாமாவின் மான்ட்கோமரி, டெக்சாசின் ஃபோர்ட் வொர்த் என்று இடம் மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு புதிய பள்ளியிலும் கூச்சம் மிகுந்த அந்தச் சிறுவன் முதலிலிருந்து நண்பர்களைத் தேட வேண்டியிருந்தது.

அவரது 11ஆவது வயதில் பாட்டி ஒரு பழைய கிட்டாரைப் பரிசளித்தார். 1910ஆம் ஆண்டில் செய்யப்பட்ட கிப்சன் கிட்டார் அது. புதுப் பள்ளியில் கிட்டாருடன் நுழைபவனை மற்ற பிள்ளைகள் சூழ்ந்துகொள்வார்கள் என்பதை அவர் விரைவிலேயே கண்டுகொண்டார். ஃபோர்ட் வொர்த்தில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது, தந்தையின் காரை எடுத்துக்கொண்டு இசை வாழ்வு தேடி கலிபோர்னியாவுக்கே ஓடிவிட்டார். தந்தை விமானத்தில் சென்று அவரைத் திருப்பி அழைத்து வந்தார். அதன்பின் டெக்சாஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடக்கலை பயிலச் சேர்ந்தவர், 1963இல் படிப்பைப் பாதியில் விட்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குப் புறப்பட்டார். இம்முறை அழைத்துவர யாரும் செல்லவில்லை.

டாய்ச்சென்டார்ஃப் என்ற நீண்ட பெயர் அரங்க விளம்பரப் பலகையில் அடங்காது என்று இசையுலகில் இருந்தவர்கள் அறிவுறுத்த, தமக்குப் பிடித்த ராக்கி மலைகளின் அடிவாரத்தில் உள்ள கொலராடோ தலைநகரின் பெயரைத் தம் பெயராக்கிக் கொண்டார். 1965இல் சாட் மிட்செல் டிரியோ என்ற நாட்டுப்புற இசைக் குழுவிலிருந்து அதன் நிறுவனரே விலகியபோது அவரது இடம் டென்வருக்குக் கிடைத்தது. மூன்றாண்டுகளுக்கு மேல் கல்லூரி கல்லூரியாகச் சென்று பாடிய அந்தக் காலம்தான் மேடையில் நிற்கவும் கூட்டத்தைக் கட்டிப்போடவும் அவருக்குக் கற்றுத்தந்தது. மினசோட்டாவில் நடந்த அத்தகைய ஒரு கல்லூரி நிகழ்ச்சியில்தான் ஆனி மார்ட்டெல் என்ற மாணவியைச் சந்தித்தார். 1967இல் இருவருக்கும் திருமணம் நடந்தது.

1966இல் தாமே செலவு செய்து சில நூறு இசைத்தட்டுகளை அச்சிட்டு, கிறிஸ்துமஸ் பரிசாக நண்பர்களுக்கு வழங்கினார். அதில் பிரிவைப் பற்றிய ஒரு பாடல் இருந்தது. தயாரிப்பாளர் மில்ட் ஓகன் வற்புறுத்தியதால் அப்பாடலின் தலைப்பு 'லீவிங் ஆன் எ ஜெட் பிளேன்' என்று மாற்றப்பட்டது. பீட்டர், பால் அண்ட் மேரி குழுவினர் பாடிய அதன் வடிவம் 1969 டிசம்பரில் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பெற்றது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. விமான நிலையங்களில் விடைபெற்ற பல குடும்பங்களுக்கு அப்பாடல் தங்கள் சொந்தக் கதையாகவே ஒலித்திருக்க வேண்டும். பாடலாசிரியராக முதலிடம் பெற்றவர், பாடகராக இன்னும் அறிமுகமற்றவராகவே இருந்தார்.

அதே ஆண்டு ஆர்சிஏ நிறுவனம் அவரது முதல் தனி இசைத்தொகுப்பை வெளியிட்டது. ஆனால் விளம்பரப் பயணத்துக்கு அந்நிறுவனம் ஏற்பாடு செய்யவில்லை. டென்வர் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மத்திய மேற்கு மாநிலங்களின் சிறு நகரங்களுக்குத் தாமே சென்றார். பள்ளிகளிலும் விடுதிகளிலும் இலவசமாகப் பாடுவதாகக் கேட்டு வாய்ப்புப் பெற்றார். சுவரொட்டிகளைத் தம் கையாலேயே ஒட்டினார். உள்ளூர் வானொலி நிலையங்களுக்கு அழைப்பின்றிப் போய் நின்றார். பின்னாளில் பல்லாயிரம் பேர் அமரும் அரங்குகளை நிரப்பிய ஒருவரின் தொடக்கம் இது என்பதை நம்புவது எளிதன்று.

1970ஆம் ஆண்டின் இறுதி வாரம். வாஷிங்டனில் உள்ள செல்லர் டோர் என்ற சிறு அரங்கில் அவர் பாடிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னதாக மேடையேறியவர்கள் பில் டானஃப், டாஃபி நிவர்ட் இணையர். நிகழ்ச்சி முடிந்து அவர்களது வீட்டுக்குச் செல்லும் வழியில் டென்வர் வந்த கார் விபத்துக்குள்ளாகி, அவரது கட்டைவிரல் எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் கட்டுப் போட்டுக்கொண்டு நள்ளிரவுக்குப் பின் வந்து சேர்ந்தவரிடம், முடிக்கப்படாத ஒரு பாடலை இருவரும் பாடிக் காட்டினர். ஜானி கேஷ் பாடினால் நன்றாக இருக்கும் என்று அவர்கள் எண்ணியிருந்த பாடல் அது. டென்வர் கேட்ட மாத்திரத்தில் அதைத் தாமே பாட விரும்பினார். விடியும்வரை மூவரும் அமர்ந்து எழுதி முடித்தனர். அடுத்த நிகழ்ச்சியில் அதைப் பாடியபோது கைதட்டல் ஓய நெடுநேரமாயிற்று.

வேடிக்கை என்னவென்றால், டானஃப் அதுவரை மேற்கு வர்ஜீனியாவில் கால் வைத்ததில்லை. அப்பாடலுக்கு வித்திட்டது மேரிலாந்து மாநிலத்தின் கிளாப்பர் சாலை என்ற கிராமத்துப் பாதை. சிறுவயதில் மாசசூசெட்சில் இருந்தபடி மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகர வானொலியைக் கேட்டு வளர்ந்தவர் அவர். தம் சொந்த மாநிலமான மாசசூசெட்சின் பெயரையும் பாட்டில் வைத்துப் பார்த்ததாக அவர் கூறியுள்ளார். பாட்டில் இடம்பெறும் மலைத்தொடரும் ஆறும் பெரும்பாலும் அண்டை மாநிலமான வர்ஜீனியாவில் உள்ளவை என்று புவியியல் அறிந்தவர்கள் சுட்டிக்காட்டுவது உண்டு. மேற்கு வர்ஜீனியா மக்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. சுரங்கம் மூடி, வேலை தேடி வெளியூர் சென்றவர்கள் நிறைந்த மாநிலம் அது. வீட்டுக்குத் திரும்பும் ஏக்கம் சரியாக இருந்தால் வரைபடம் சற்றுப் பிசகினாலும் குற்றமில்லை அல்லவா! 1971 ஆகஸ்டில் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடத்தை எட்டிய அப்பாடல், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றது.

டென்வர் தமக்கென ஓர் ஊரைத் தேர்ந்துகொண்டதும் ஏறத்தாழ அந்நாட்களில்தான். கொலராடோவின் ஆஸ்பென் மலைநகரில் ஆனியுடன் குடியேறினார். நண்பர்களுடன் மலை ஏரிக்கரையில் தங்கி எரிகல் மழையைக் கண்ட ஓர் இரவின் வியப்பு, 1972இல் 'ராக்கி மவுன்டன் ஹை' பாடலாக வெளிவந்தது. 2007இல் கொலராடோ அதைத் தன் மாநிலப் பாடல்களுள் ஒன்றாக அறிவித்தது. இரு மாநிலங்கள் தத்தம் அடையாளமாக ஏற்ற பாடல்களைத் தந்த பாடகர் என்ற பெருமை அரிதானது.

1974, 1975 ஆகிய ஈராண்டுகள் அவரது உச்சம். 'சன்ஷைன் ஆன் மை ஷோல்டர்ஸ்', 'ஆனீஸ் சாங்', 'தேங்க் காட் ஐயம் எ கன்ட்ரி பாய்', 'ஐயம் சாரி' ஆகிய நான்கும் முதலிடம் பெற்றன. இவற்றுள் மூன்றாவது, அவரது குழுவில் வாசித்த ஜான் மார்ட்டின் சாமர்ஸ் எழுதியது. மனைவிக்காக அவர் எழுதிய 'ஆனீஸ் சாங்', பனிச்சறுக்கு வீரர்களை மலையுச்சிக்கு ஏற்றிச்செல்லும் கம்பிவட இருக்கையில் அமர்ந்து செல்லும் பத்து நிமிடங்களுக்குள் மனத்தில் உருவானதாக அவர் கூறி வந்தார். அதன் மெட்டு ரஷ்ய இசைமேதை சாய்கோவ்ஸ்கியின் ஐந்தாவது சிம்பொனியின் ஒரு பகுதியை ஒத்திருப்பதாக ஓகன் சுட்டிக்காட்டியதும், பியானோ முன் அமர்ந்து அதை மாற்றியமைத்தார். கொலராடோ ஆளுநர் 1974இல் அவரை மாநிலத்தின் அரசவைக் கவிஞராக அறிவித்தார். வட்டக் கம்பிக் கண்ணாடியும் நெற்றியில் புரளும் பொன்னிற முடியும் தொலைக்காட்சி வழியே நாட்டின் ஒவ்வொரு வீட்டுக்கும் அறிமுகமாயின.

இந்தப் புகழை எல்லோரும் ரசிக்கவில்லை. ராக் இசை விமர்சகர்களுக்கு அவரது பாடல்கள் தெவிட்டும் இனிப்பாகத் தோன்றின. நாஷ்வில் நகரை மையமாகக் கொண்ட கன்ட்ரி இசை உலகத்துக்கோ அவர் அந்நியராகத் தோன்றினார். பாப் இசைப் பாடகர்கள் தங்கள் துறையின் விருதுகளைத் தட்டிச் செல்வதாக அங்குள்ள மூத்த கலைஞர்கள் ஏற்கெனவே கொதித்துப் போயிருந்தனர். 1975 அக்டோபரில் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருதை அறிவிக்க மேடையேறினார் முந்தைய ஆண்டு அதைப் பெற்றிருந்த சார்லி ரிச். உறையைப் பிரித்துப் பெயரைப் பார்த்தவர், சட்டைப் பையிலிருந்து சிகரெட் லைட்டரை எடுத்து அந்தத் தாளைக் கொளுத்திவிட்டு ஜான் டென்வரின் பெயரை அறிவித்தார். செயற்கைக்கோள் இணைப்பில் இருந்த டென்வர், நடந்தது அறியாமல் புன்னகையுடன் நன்றி கூறினார். அது எதிர்ப்பின் வெளிப்பாடு என்று பலரும் கருதினர். மருந்தும் மதுவும் கலந்த தடுமாற்றம் என்றும் கூறப்பட்டது. ரிச்சின் பெரும் வெற்றிகளும் பாப் பட்டியலில் ஏறியவையே என்பது இந்நிகழ்வின் விநோதம்.

பாடகர் என்ற எல்லைக்குள் அவர் நிற்கவில்லை. 1976இல் சுற்றுச்சூழல் கல்விக்காக விண்ட்ஸ்டார் அறக்கட்டளையைத் தொடங்கினார். மறு ஆண்டு உலகப் பசியை ஒழிப்பதற்கான 'ஹங்கர் புராஜெக்ட்' அமைப்பின் நிறுவனர்களுள் ஒருவரானார். அதிபர் ஜிம்மி கார்ட்டர் உலகப் பசி குறித்த ஆணையத்தில் அவரை உறுப்பினராக்கினார். 1979 ஜனவரியில் அமெரிக்கா வந்த சீனத் தலைவர் டெங் சியாவ்பிங் முன்னிலையில் வாஷிங்டன் கென்னடி மையத்தில் பாடினார். பனிப்போர்க் காலத்திலேயே சோவியத் ஒன்றியத்தில் பாடிய அவர், 1987இல் செர்னோபில் அணு விபத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்காகக் கீவ் நகரில் நிதி திரட்டும் நிகழ்ச்சியை நடத்தினார். ரஷ்யப் பாடகர் அலெக்சாண்டர் கிராட்ஸ்கியுடன் சேர்ந்து ஆயுதப் போட்டிக்கு எதிரான பாடல் ஒன்றையும் பதிவு செய்தார். ஆர்சிஏ நிறுவனம் அவருடனான உறவை முறித்துக்கொண்டதற்கு அப்பாடலே காரணம் என்ற கருத்து உண்டு. அந்நிறுவனத்தை அப்போது வாங்கியிருந்தது பாதுகாப்புத் துறை ஒப்பந்தங்கள் பெற்ற ஜெனரல் எலக்ட்ரிக். எனினும் எண்பதுகளில் அவரது இசைத்தட்டு விற்பனை சரிந்திருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

1985இல் பாடல் வரிகளுக்கு எச்சரிக்கை முத்திரை இடுவது குறித்து அமெரிக்க செனட் குழு விசாரணை நடத்தியது. பெற்றோர் அமைப்புகள், சாதுவான தோற்றம் கொண்ட டென்வர் தங்களுக்குத் துணை நிற்பார் என்றே எதிர்பார்த்தன. அவரோ எந்த வகைத் தணிக்கையும் கூடாது என்று சாட்சியம் அளித்தார். மலையழகைப் பாடிய தமது 'ராக்கி மவுன்டன் ஹை' பாடலையே போதைப் பொருளைப் புகழும் பாடல் என்று தவறாகப் பொருள் கொண்டு சில வானொலிகள் ஒலிபரப்ப மறுத்ததை அவர் எடுத்துக்காட்டினார். தம் பாடல்களில் சாந்தமே உருவானவர், அன்று அந்த அவையில் அஞ்சாத குரலாக ஒலித்தார்.

வீட்டுக்குள் அந்தச் சாந்தம் நிலைக்கவில்லை. ஆனியும் அவரும் இரு குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தனர். ஆண்டில் பெரும்பகுதியை அவர் பயணத்தில் கழித்தார். 1982இல் மணமுறிவு ஏற்பட்டது. சொத்துப் பிரிவினையின் போது மனைவியிடம் வன்முறையாக நடந்துகொண்டதையும், கட்டிலை இயந்திர ரம்பத்தால் இரண்டாக அறுத்ததையும் 1994இல் வெளியான தன்வரலாற்று நூலில் அவரே ஒப்புக்கொண்டார். உலகமெங்கும் காதலர்கள் பாடும் பாட்டை யாருக்காக எழுதினாரோ, அவரிடமே அப்படி நடந்துகொண்டார் என்பது அவரது ரசிகர்களுக்கு இன்றளவும் உறுத்தும் உண்மை. ஆஸ்திரேலிய நடிகை கசாண்ட்ரா டெலானியுடன் 1988இல் நடந்த இரண்டாவது திருமணமும் ஐந்தாண்டுகளில் முறிந்தது. மது அருந்தி வாகனம் ஓட்டியதாக இருமுறை வழக்குகளைச் சந்தித்தார்.

ஒரே ஓர் உறவு மட்டும் காலம் கடந்து சீரடைந்தது. எழுபதுகளில் டென்வர் சொந்தமாக லியர்ஜெட் விமானம் வாங்கியபோது, அதை ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவரது தந்தை. பேச்சில் காட்ட இயலாத நெருக்கத்தை விமானி இருக்கைகளில் அருகருகே அமர்ந்து இருவரும் கண்டுகொண்டனர். 1982இல் தந்தை மறைந்தார். இயற்கையைக் காக்கப் பாடியவர் தனி ஜெட் விமானம் வைத்திருக்கலாமா என்ற கேள்விக்கு முழுமையான விடை அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. பறத்தல் அவருக்கு அந்த அளவு தவிர்க்க முடியாததாக இருந்தது. விண்வெளிக்குச் செல்ல விரும்பி நாசாவின் உடல்தகுதித் தேர்விலும் தேறினார், வாய்ப்பு அமையவில்லை. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்து அதில் சென்ற எழுவரும் உயிரிழந்தபோது, அவர்களுக்காக ஓர் அஞ்சலிப் பாடலை இயற்றினார்.

1997 அக்டோபர் 12ஆம் தேதி மாலை, கலிபோர்னியாவின் மான்டரே விமான நிலையத்திலிருந்து தனியே புறப்பட்டார். அவர் புதிதாக வாங்கியிருந்த 'லாங்-ஈஇசட்' என்ற சிறுவிமானம், வரைபடத்தைக் கொண்டு தனிநபர் ஒருவரால் கட்டப்பட்டது. எரிபொருள் தொட்டியை மாற்றும் திருகை, அசல் வடிவமைப்பில் விமானியின் கால்களுக்கு இடையே இருக்க வேண்டியது. கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் பொருத்தியிருந்தார். புறப்படும் முன் டென்வரும் பராமரிப்பாளரும் இடுக்கி கொண்டு அதை எட்ட முயன்றும் பயனில்லை. குறுகிய பயணம்தான் என்பதால் எரிபொருள் நிரப்பவும் அவர் விரும்பவில்லை. சில முறை தரையிறங்கி ஏறிப் பயிற்சி செய்த பின், பசிபிக் குரோவ் கடற்கரையை ஒட்டி விமானம் கடலில் விழுந்து நொறுங்கியது. டென்வருக்கு வயது 53.

திருகையை எட்டுவதற்காகத் திரும்பியபோது அவரது கால் தவறுதலாகத் திசைமாற்றும் மிதியை அழுத்தியிருக்கக்கூடும் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. 2,700 மணி நேரத்துக்கும் மேலான பறக்கும் அனுபவம் அவருக்கு இருந்தது. ஆனால் மதுப் பழக்கம் காரணமாக அவரது மருத்துவத் தகுதிச் சான்று அதற்கு முந்தைய ஆண்டே ரத்து செய்யப்பட்டிருந்தது. சட்டப்படி அன்று அவர் விமானம் ஓட்டியிருக்கக் கூடாது. உடற்கூறாய்வில் மதுவோ போதைப் பொருளோ காணப்படவில்லை.

அவரது அஸ்தி ராக்கி மலைகளில் தூவப்பட்டது. கிராமி விருது விழாவைப் பலமுறை தொகுத்து வழங்கியவர் அவர். ஆனால் உயிருடன் இருந்தவரை அந்த விருதை ஒருமுறையும் வென்றதில்லை. மறைவுக்குச் சில மாதங்களுக்குப் பின், 1998இல் அது அவருக்கு வழங்கப்பட்டது. சிறுவர்களுக்கான இசைத்தொகுப்புப் பிரிவில், ரயில் பயணங்களைப் பற்றி அவர் பாடிய 'ஆல் அபோர்ட்!' தொகுப்புக்காக.