இரு கண்ணும் ஒரு காட்சியும்: அறிஞர் இப்னு ஹைதம்

இப்னு ஹைதம் பஸ்ராவில் கி.பி. 965 வாக்கில் பிறந்தவர். நைல் வெள்ளத்தை அடக்கலாம் என்று எகிப்து போனார். நேரில் பார்த்தபின் முடியாதெனப் புரிந்தது. கலீஃபா ஹாகிமின் கோபத்துக்கு அஞ்சிப் பைத்தியம்போல் நடித்தார், 1021-ல் ஹாகிம் மறையும்வரை வீட்டுக்காவலில் இருந்தார் என்பார்கள்.

அவரது 'கிதாபுல் மனாழிர்' நூலில் ஓர் எளிய பலகைச் சோதனை உண்டு. பலகையின் ஓரத்தில் மூக்கு பொருந்தப் பள்ளம். மேலே வண்ண மெழுகுத் துண்டுகள். நடுத்துண்டை உற்றுப் பார்த்தால் அது ஒன்றாகவே தெரியும். அதே நேர்கோட்டில் முன்னும் பின்னும் இருப்பவை இரண்டிரண்டாகும்! இரு கண்ணின் பிம்பங்களும் ஒத்துப்போனால், நரம்புகள் சந்திக்குமிடத்தில் ஒன்றாகிவிடும். ஒவ்வாவிட்டால் இரண்டாகவே நிற்கும் என்று விளக்கினார். அவை சேருமிடம் மூளையின் பின்பகுதி என்பது பின்னாளில் தெரிந்தது.

பிள்ளைகளுக்கும் செய்து காட்டலாம்: முகத்துக்கு நேரே ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு, தூரச் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் இரண்டாகும்.