ஹர் கோவிந்த் கொரானா

ஹர் கோவிந்த் கொரானா (சனவரி 9, 1922 - நவம்பர் 9, 2011) இந்தியாவில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்ற உயிர்வேதியியலாளர் ஆவார். டி.என்.ஏ. இழைகளை வேதிமுறையில் தொகுக்கும் வழிகளை வகுத்த முன்னோடிகளுள் ஒருவர். மரபுக்குறியீடு பற்றிய ஆய்வுக்காக 1968 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை மார்சல் நிரென்பர்க், ராபர்ட் ஹாலி ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.

வாழ்க்கைக் குறிப்பு

இன்றைய பாக்கிசுத்தானில், முல்தான் பகுதியில் உள்ள ராய்ப்பூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை கண்பத் ராய் வரித்துறையில் சிற்றூர் எழுத்தராகப் பணியாற்றினார். கொரானா ஐந்து பிள்ளைகளுள் இளையவர். ஏறத்தாழ நூறு பேர் வாழ்ந்த அவ்வூரில் எழுத்தறிவு பெற்றிருந்தது பெரும்பாலும் அவர்கள் குடும்பம் மட்டுமே. லாகூரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற பின், அரசு உதவித்தொகையில் இங்கிலாந்து சென்று, 1948 இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். சூரிச்சில் ஓராண்டு ஆய்வு செய்துவிட்டு 1949 இல் இந்தியா திரும்பியபோது தகுந்த வேலை கிடைக்கவில்லை. எனவே மீண்டும் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்சில் அலெக்சாண்டர் டாட் குழுவில் சேர்ந்தார். நியூக்கிளிக் அமிலங்களில் அவருக்கு ஈடுபாடு ஏற்பட்டது அங்கேதான். 1952 இல் கனடாவின் வான்கூவரிலும், 1960 இல் அமெரிக்காவின் விசுகான்சின் பல்கலைக்கழகத்திலும், 1970 முதல் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்திலும் பணியாற்றினார்.

வேதிவினைப்பொருட்கள்

இரு நியூக்கிளியோட்டைடுகளை இணைக்க, ஒன்றின் பாசுப்பேட்டுக்கும் மற்றொன்றின் ஐதராக்சில் தொகுதிக்கும் இடையே நீர் மூலக்கூறு நீங்க வேண்டும். இதற்குக் கொரானா டைசைக்ளோஎக்சைல்கார்போடையிமைடு என்னும் வினைப்பொருளைப் பயன்படுத்தினார். ஆனால் நியூக்கிளியோட்டைடில் வினைபுரியக்கூடிய இடங்கள் பல உள்ளன. அவற்றை மூடாவிட்டால் பிணைப்பு தவறான இடத்தில் உண்டாகும். ஆகவே அவரது குழுவினர் தற்காலிகமாக மூடும் காப்புத் தொகுதிகளை உருவாக்கினர். அவற்றுள் புகழ்பெற்றது டைமெத்தாக்சிட்ரைட்டைல் தொகுதி. மென்மையான அமிலத்தில் இது நீங்கும். நீங்கும்போது ஆரஞ்சு நிறம் தோன்றும்.

இம்முறையில் கிடைத்த இழைகளைக் கொண்டு, எந்த மூவெழுத்துக் குறி எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கிறது என்பதை அவர் ஆராய்ந்தார். 1970 இல் 77 கார இணைகள் கொண்ட ஈசுட்டு மரபணு ஒன்று தொகுக்கப்பட்டதை அறிவித்தார். 1976 இல் இவரது குழு தொகுத்த மற்றொரு மரபணு பாக்டீரியாவினுள் செயல்பட்டது.

தாக்கம்

கொரானாவின் இணைப்பு முறை மெதுவானது. அதற்கு மாற்றாக, அவரிடம் பணியாற்றிய மார்வின் கரூதர்சு 1980களின் தொடக்கத்தில் பாசுப்போரமிடைட்டு முறையை உருவாக்கினார். எனினும் டைமெத்தாக்சிட்ரைட்டைல் தொகுதி கைவிடப்படவில்லை. சாயம் இணைத்த இழைகள் போன்ற மாற்றியமைக்கப்பட்ட டி.என்.ஏ.க்களைத் தொகுக்கும் கருவிகளில் அது இன்றும் பயன்படுகிறது. ஒவ்வொரு படியும் நிறைவேறியதா என்பதை அதன் நிறத்தை அளந்தே அறிகின்றனர்.

விருதுகள்

இந்திய அரசு 1969 இல் இவருக்குப் பத்ம விபூசண் விருது வழங்கியது. 1987 இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் பெற்றார். கொரானா மாசச்சூசெட்சு மாநிலத்தின் கான்கார்டு நகரில் தமது 89 ஆம் அகவையில் காலமானார்.