பயாஸ் தந்த கேரி கில்டால்

கணிப்பொறியின் விசையை அழுத்தியவுடன் திரையில் ஒரு கணம் சில எழுத்துகள் தோன்றி மறைகின்றன. நம்மில் பெரும்பாலோர் அவற்றைப் படிப்பதே இல்லை. வண்ணப் படம் எப்போது வரும் என்றுதான் காத்திருக்கிறோம். ஆனால் அந்த ஒரு கணத்தில் உள்ளே பெரிய வேலை நடக்கிறது. நினைவகம் எவ்வளவு இருக்கிறது, விசைப்பலகை இணைந்திருக்கிறதா, வட்டு எங்கே இருக்கிறது என்று அதிகாலையில் எழுந்து வீட்டைத் திறக்கும் தாயைப் போல ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி செய்துவிட்டு, பிறகுதான் மற்றவற்றை எழுப்புகிறது ஒரு சிறு நிரல். அதற்குப் பயாஸ் என்று பெயர். அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு முறை என்பது அதன் பொருள்.

இந்தப் பெயரைத் தந்தவர் யார்? பில் கேட்ஸ் என்றால் நம் வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். கேரி கில்டால் யார் என்று கேட்டபோது கை தூக்கியவர் ஒருவருமில்லை. கணிப்பொறி வல்லுநர்கள் அனைவரும் அறிந்து போற்றும் அப்பெரியாரின் வாழ்க்கையை நாமும் அறிந்துகொள்வோம்.

கேரி ஆர்லன் கில்டால் 1942-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் அமெரிக்க நாட்டின் துறைமுக நகரமாகிய சியாட்டிலில் பிறந்தார். அவருடைய குடும்பத்தார் அங்கே கப்பல் செலுத்தும் கலையைக் கற்பிக்கும் பள்ளி ஒன்றை நடத்தி வந்தனர். நடுக்கடலில் கரையே தெரியாத இடத்தில் கப்பல் எங்கே நிற்கிறது என்று கணக்கிட்டுச் சொல்வதுதான் அங்கே பாடம். ஆசிரியர் குடும்பத்தில் பிறந்திருந்தும் கேரி உயர்நிலைப் பள்ளியில் நல்ல மாணவர் என்று பெயர் வாங்கியவரல்லர். இயந்திரங்கள் மீதே அவருக்கு நாட்டம். (மதிப்பெண் அட்டையைக் கண்டு கலங்கும் பெற்றோர் இவ்விடத்தைச் சற்று நிறுத்திப் படிக்கலாம்.) பின்னர்க் கணித ஆசிரியராக வேண்டும் என்ற எண்ணத்தோடு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கணிப்பொறியைக் கண்டார். அன்றிலிருந்து கணிதம் சற்றுப் பின்னுக்குப் போயிற்று. பள்ளிக் காலத்திலேயே தம்மோடு பழகிய டாரத்தி மக்யூவன் என்ற பெண்மணியை மணந்துகொண்டார்.

அது வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். கேரியும் கடற்படையில் பணியாற்ற வேண்டியிருந்தது. ஆனால் போர்க் கப்பலில் ஏறாமல், கலிபோர்னியாவில் மான்டரே என்னும் ஊரிலுள்ள கடற்படை மேற்பட்டப் படிப்புப் பள்ளியில் ஆசிரியராகும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. இவ்வாறு அவர் விரும்பிய ஆசிரியப் பணியும் கைகூடியது. இடையே தம் பழைய பல்கலைக்கழகத்திற்குத் திரும்பி 1972-இல் முனைவர் பட்டமும் பெற்றார்.

அக்காலத்தில் கணிப்பொறி என்பது ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும். 1971-இல் இன்டெல் நிறுவனம் விரல் நகமளவே உள்ள 4004 என்னும் சில்லை வெளியிட்டது. போக்குவரத்து விளக்கு, கணக்குப் பொறி போன்றவற்றை இயக்கத்தான் அது பயன்படும் என்று பலர் எண்ணினர். கில்டாலோ அதை ஒரு முழுக் கணிப்பொறியின் விதையாகக் கண்டார். தாமே ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு அதற்கு நிரல்கள் எழுதத் தொடங்கினார். விடுமுறை நாட்களில் இன்டெல் நிறுவனத்திற்குச் சென்று ஆலோசகராகவும் பணியாற்றினார். 1973-இல் அந்நிறுவனத்தின் சில்லுகளுக்காகப் பி.எல்.எம். என்ற நிரல் மொழியையும் ஆக்கிக் கொடுத்தார்.

ஆனால் அந்தச் சிறு பொறிக்குப் பெரிய குறை ஒன்று இருந்தது. எழுதிய நிரலைச் சேமித்து வைக்க வசதியான இடமில்லை. காகித நாடாவில் துளையிட்டுத்தான் வைக்க வேண்டும். அப்போது ஷுகார்ட் என்ற நிறுவனம் எட்டு அங்குல நெகிழ் வட்டு இயக்கியைச் செய்து வந்தது. சோதனைக்குப் பயன்பட்டுத் தேய்ந்துபோன ஓர் இயக்கி கில்டாலின் கைக்கு வந்தது. அதைச் சில்லோடு இணைக்கும் மின்சுற்றைச் செய்ய அவர் பலமுறை முயன்றார், வரவில்லை. முனைவர் பட்டம் பெற்றவர்தாம், ஆனால் பற்றுவைக்கும் வேலை அவருக்குக் கைவரவில்லை! இறுதியில் ஜான் டொரோட் என்ற நண்பர் அச்சுற்றைச் செய்து தந்தார். 1974-இல் பசிபிக் குரோவ் என்னும் கடலோர ஊரில் கில்டாலின் வீட்டுப் பின்கட்டில் இருந்த சிறு கொட்டகையில் அந்த வட்டு ஓடியது. அதை ஆள்வதற்காக அவர் எழுதிய இயக்க முறைக்குச் சி.பி.எம். என்று பெயர். (கட்சி ஒன்றின் பெயர் என்று தந்தையர் யாரும் கருதிவிட வேண்டாம், நுண்கணிப்பொறிக் கட்டுப்பாட்டு நிரல் என்பதன் சுருக்கமே இது.)

இதை இன்டெல் நிறுவனத்திடம் காட்டினார். நிரல் மொழியை ஏற்றுக்கொண்ட அந்நிறுவனம் இயக்க முறை தனக்கு வேண்டாம் என்றுவிட்டது. ஆகவே கில்டாலும் டாரத்தியும் தாங்களே ஒரு நிறுவனம் தொடங்கினர். அதற்கு முதலில் அண்டங்களுக்கிடையிலான எண்முறை ஆராய்ச்சி நிறுவனம் என்ற பொருளில் பெயர் வைத்தார்களாம்! பின்னர் டிஜிட்டல் ரிசர்ச் என்று சுருக்கிக்கொண்டனர். எழுபது டாலருக்குச் சி.பி.எம். தபால் மூலம் விற்கப்பட்டது. வணிகம், ஒப்பந்தம் யாவும் டாரத்தியின் பொறுப்பு. கேரிக்கு நிரல் எழுதுவதில் இருந்த விருப்பம் பணம் பேசுவதில் என்றுமே இருந்ததில்லை.

இனிப் பயாஸ் பிறந்த கதைக்கு வருவோம். அந்நாட்களில் நூற்றுக்கணக்கான சிறு நிறுவனங்கள் கணிப்பொறி செய்யத் தொடங்கியிருந்தன. ஒன்றுக்கு ஒரு வகை வட்டு. இன்னொன்றுக்கு வேறு வகைத் திரை. ஒவ்வொரு பொறிக்கும் சி.பி.எம். நிரலைத் திறந்து அங்கங்கே திருத்தி எழுத வேண்டியிருந்தது. 1975-76 வாக்கில் இம்சாய் என்ற நிறுவனமும் தன் பொறிக்குச் சி.பி.எம். வேண்டும் என்று கேட்டபோது கில்டால் சலித்துப்போனார். இப்படியே போனால் வாழ்நாள் முழுவதும் திருத்துவதிலேயே கழிந்துவிடும் அல்லவா? எனவே நிரலை இரண்டாகப் பிரித்தார். எல்லாப் பொறிக்கும் பொதுவான பெரும் பகுதி ஒரு பக்கம். பொறிக்குப் பொறி மாறுகின்ற சிறு பகுதி மறுபக்கம். அந்தச் சிறு பகுதிக்குத்தான் பயாஸ் என்று பெயரிட்டார்.

மொரப்பூரில் வாழும் நமக்கு இதை விளங்கிக்கொள்வது எளிது. 1906-ஆம் ஆண்டில் நம் ஊரிலிருந்து தருமபுரிக்கு ஒரு சிறிய ரயில் பாதை திறக்கப்பட்டது. ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் பாதை ஐந்தரை அடி அகலம். தருமபுரிப் பாதையோ இரண்டரை அடிதான். பெரிய வண்டி அதில் ஓட முடியுமா? ஆகையால் தருமபுரிக்குச் செல்லும் மக்களும் மூட்டை முடிச்சுகளும் மொரப்பூரில் இறங்கிச் சிறிய வண்டிக்கு மாற வேண்டும். தருமபுரிப் பாதையின் அகலம் என்ன என்பது சென்னையில் மூட்டை ஏற்றியவருக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லை. மொரப்பூர் நிலையத்திற்குத் தெரிந்தால் போதும். அந்தப் பாதை இரண்டாம் உலகப் போரின் காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் கணிப்பொறிக்குள் கில்டால் ஒரு மொரப்பூர் நிலையத்தைக் கட்டிவிட்டார்! ஓர் எழுத்தைத் திரைக்கு அனுப்பு, வட்டிலிருந்து ஒரு துண்டைப் படி என்று பெரிய நிரல் கேட்கும். எந்தத் திரை, எந்த வட்டு என்பது பயாஸின் கவலை. 1979-இல் வந்த இரண்டாம் பதிப்பில் இத்தகைய வேலைகள் மொத்தம் 17 மட்டுமே. புதிய கணிப்பொறி செய்பவர் அந்தப் பதினேழை எழுதிக்கொண்டால் போதும், சி.பி.எம். ஓடும், அதற்காக எழுதப்பட்ட மற்ற நிரல்களும் ஓடும். அதனால் 1981 அளவில் ஏறக்குறைய 3000 வகைக் கணிப்பொறிகளில் சி.பி.எம். குடியேறியிருந்தது.

இத்தகைய வெற்றியின் உச்சியில் 1980-இல் ஐ.பி.எம். என்னும் மாபெரும் நிறுவனத்தார் கில்டாலின் வீட்டுக் கதவைத் தட்டினர். தாங்கள் செய்யவிருக்கும் புதிய கணிப்பொறிக்கு இயக்க முறை வேண்டும் என்றனர். அன்று காலையில் கில்டால் இல்லை. தம் சிறு விமானத்தை ஓட்டிக்கொண்டு வேறொரு வாடிக்கையாளரைக் காணச் சென்றிருந்தார். வந்தவர்கள் தாங்கள் பேசப்போவதை வெளியில் சொல்லக்கூடாது என்று ஒரு கடுமையான பத்திரத்தை நீட்டினர். டாரத்தி உடனே கையெழுத்திடத் தயங்கினார். பிற்பகலில் கில்டால் திரும்பி வந்து பேசினார் என்றும், இல்லை என்றும் இரு வேறு விதமாகச் சொல்கிறார்கள். எப்படியாயினும் உடன்பாடு கூடி வரவில்லை. ஐ.பி.எம். நிறுவனத்தார் பில் கேட்ஸிடம் சென்றனர். சியாட்டிலில் டிம் பேட்டர்சன் என்பவர் சி.பி.எம். போன்ற ஓர் இயக்க முறையை எழுதி வைத்திருந்தார். கேட்ஸின் நிறுவனம் அதை வாங்கி ஐ.பி.எம்.முக்குக் கொடுத்தது. கில்டால் முறையிட்டதன் பேரில் அவருடைய இயக்க முறையையும் விற்க ஐ.பி.எம். இசைந்தது, ஆனால் கேட்ஸின் முறைக்கு 40 டாலர், இவருடையதற்கு 240 டாலர் என்று விலை வைத்தது. எது விற்றிருக்கும் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

உலகில் வாய்ப்பை நழுவவிட்டு வானில் விளையாடிக்கொண்டிருந்தவர் என்று கில்டாலைப் பற்றி ஒரு கதை கட்டிவிட்டார்கள். டாரத்தியைக் குறை கூறியவர்களும் உண்டு. இது நமக்குச் சிறிதும் நியாயமாகத் தோன்றவில்லை. கேரி அன்று சென்றது விளையாட அன்று, வேலைக்காக. படித்துப் பாராமல் கையெழுத்திடாதே என்றுதான் நம் வீடுகளிலும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதையே செய்த பெண்மணி மீது ஏன் பழி?

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். கணிப்பொறி வெளிவந்தது. அதன் தாய்ப்பலகையில் அழியா நினைவகச் சில்லொன்றில் ஒரு சிறு நிரலைப் பதித்திருந்தார்கள். அதன் பெயர் என்ன தெரியுமா? பயாஸ்! இயக்க முறை கைமாறிப் போனாலும் கில்டால் வைத்த பெயர் அங்கேயும் தங்கிவிட்டது. அந்தப் பொறியில் எத்தனை வட்டு, எவ்வளவு நினைவகம் என்று சொல்வதற்குப் பலகையில் உள்ள குட்டிச் சுவிட்சுகளை நகர்த்த வேண்டும். 1984-இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. என்ற பொறியில்தான் இவ்விவரங்களை மின்கலத்தின் உதவியால் நினைவில் வைத்திருக்கும் சிறு நினைவகம் வந்தது. அதன் கொள்ளளவு 64 பைட். இந்தப் பத்தியின் முதல் வரிக்கே அது போதாது.

இன்றும் மேசைக் கணிப்பொறியின் தாய்ப்பலகையில் ரூபாய் நாணயம் போன்ற ஒரு மின்கலம் இருப்பதைக் காணலாம். சி.ஆர். 2032 என்று அதில் எழுதியிருக்கும்; மூன்று வோல்ட். எங்கள் கணிப்பொறி அறையில் சன்னலோரத்துப் பொறி ஒன்று கோடை விடுமுறைக்குப் பின் பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியைக் காட்டியது. தேதி தவறியதால் இணையமும் சரிவரத் திறக்கவில்லை. எங்கள் ஆசிரியை மின்னிணைப்பை முற்றிலும் நீக்கிவிட்டு அந்த மின்கலத்தை மாற்றினார். பிறகு பொறி எழும்போதே டெலீட் விசையை விட்டு விட்டு அழுத்தினார். (சில பொறிகளில் எஃப்-2.) நீலத் திரையில் பட்டியல் வந்தது. தேதியும் நேரமும் சரி செய்தார். எந்த வட்டிலிருந்து முதலில் எழுவது என்ற வரிசையைப் பார்த்து, வன்வட்டை முதலிடத்திற்குக் கொண்டு வந்தார். எஃப்-10 அழுத்திச் சேமித்தார். முடிந்தது! பட்டியலில் பொருள் தெரியாத எதையும் தொடக்கூடாது, மாற்றுமுன் பழைய அமைப்பைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்று எங்களிடம் சொன்னார். இப்போது வரும் பொறிகளில் யு.இ.எஃப்.ஐ. என்னும் புதிய முறை அவ்வேலையைச் செய்கிறது. ஆயினும் பழுது பார்ப்பவர்கள் அதையும் பயாஸ் என்றே அழைக்கிறார்கள்.

கில்டால் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. 1983 முதல் 1990 வரை கணிப்பொறி பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் தோன்றி, எளிய மக்களுக்கும் புரியும்படி விளக்கினார். அங்கும் அவர் ஆசிரியரே. 1985-இல் ஒரு முழுக் கலைக்களஞ்சியத்தைக் குறுவட்டு ஒன்றில் அடக்கிக் காட்டினார். ஆனால் டாரத்தியுடன் இல்லறம் நிலைக்கவில்லை. 1991-இல் நிறுவனமும் நோவெல் என்ற நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. எங்கு சென்றாலும் பில் கேட்ஸ் ஆகியிருக்க வேண்டியவர் என்றே அவரை அறிமுகம் செய்தார்கள். அது அவர் உள்ளத்தை அரித்தது. மதுப்பழக்கமும் அவரை வாட்டியது. தம் வாழ்க்கையை ஒரு நூலாக எழுதிச் சில படிகள் மட்டும் நண்பர்களுக்கும் உறவினருக்கும் கொடுத்தார். அதன் முற்பகுதியை மட்டும் 2016-இல் அவர் மக்கள் வெளியிட இசைந்தனர். பிற்பகுதி தங்கள் தந்தையின் உண்மையான இயல்பைக் காட்டவில்லை என்று நிறுத்திக்கொண்டனர். பிள்ளைகளாகிய நமக்கு அது புரிகிறது.

1994 ஜூலையில் மான்டரே நகரில் ஓர் உணவு விடுதியில் அவர் தலையில் அடிபட்டது. எவ்வாறு நேர்ந்தது என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. மூன்று நாட்கள் கழித்து, ஜூலை 11-ஆம் நாள், தம் 52-ஆம் வயதில் காலமானார். பிறந்த ஊரான சியாட்டிலில் அவருடைய அஸ்தி அடக்கம் செய்யப்பட்டது.

பசிபிக் குரோவில் லைட்ஹவுஸ் சாலை 801-ஆம் எண் வீட்டில்தான் ஒரு காலத்தில் அவர்கள் நிறுவனம் இயங்கியது. 2014 ஏப்ரலில் உலக மின் பொறியாளர் கழகம் அவ்வீட்டின் முன் நடைபாதையில் வெண்கலப் பலகை ஒன்றைப் பதித்தது. கில்டாலின் பெயரும் சி.பி.எம். பிறந்த ஆண்டாகிய 1974-உம் அதில் பொறிக்கப்பட்டுள்ளன.