பிழை களைந்த பெருந்தகை

கொங்கு நாட்டில் காவிரிக் கரையில் அமைந்த ஊர் கொடுமுடி. தேவாரப் பாடல் பெற்ற கொங்கு நாட்டுத் தலங்கள் ஏழனுள் அஃது ஒன்று. அவ்வூர் அடங்கிய ஈரோடு மாவட்டத்திலேயே விசயமங்கலம் என்னும் பழம்பதியும் உள்ளது. பெருங்கதை என்னும் காப்பியத்தை இயற்றிய கொங்குவேளிர் அவ்வூரினர் என்பர். ஏட்டுச்சுவடியில் மறைந்து கிடந்த அக்காப்பியத்தை 1924ஆம் ஆண்டில் அச்சேற்றி உலகுக்கு அளித்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

ஐயர் 1855ஆம் ஆண்டில் சூரியமூலையிற் பிறந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் பயின்றார். 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டில் அங்கு முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், சீவகசிந்தாமணியைக் கற்குமாறு அவரைத் தூண்டினார். பல நூல்களைக் கற்றிருந்தும் அக்காப்பியத்தைத் தாம் கல்லாததை உணர்ந்த ஐயர், நாணி ஒதுங்கவில்லை, கற்கத் தொடங்கினார். பின்னர் அதனைப் பதிப்பிக்கவும் துணிந்தார்.

பணி எளிதாக இல்லை. ஏடுகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இராது. எகரக் குறில் நெடில் வேறுபாடும் தோன்றாது. எரி என்பதோ, ஏரி என்பதோ என்று படிப்பவரே துணிதல் வேண்டும். தவறாகத் துணிந்தால் நெருப்பு நீர்நிலையாகிவிடும்! ஏட்டைப் படியெடுத்தோர் செய்த பிழைகளும் செல்லரித்த இடங்களும் வேறு. ஆதலின் ஐயர் பல ஏடுகளைத் தேடிப் பெற்று ஒன்றோடொன்று ஒப்பிட்டார். உரையாசிரியர் பெயர் சுட்டாது எடுத்தாண்ட மேற்கோள்கள் எந்நூலின என்று ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியே அவரைச் சங்க நூல்களிடம் அழைத்துச் சென்றது. சமண சமயக் கருத்துகள் விளங்காத இடங்களில், சமண அன்பர்களை அணுகிக் கேட்டுத் தெளிந்தார்.

அச்சகம் சென்னையில் இருந்தது. ஐயரின் பணியோ கும்பகோணத்தில். விடுமுறை நாள்களிற் சென்னை சென்று அச்சுப்படிகளைத் திருத்தினார். ஏட்டிலுள்ள பிழையை நீக்கி எழுதியபின், அச்சுக் கோப்பதிற் புதுப்பிழை புகாமலும் காத்தல் வேண்டுமன்றோ? 1887ஆம் ஆண்டில் சிந்தாமணி வெளிவந்தது. தமிழுலகம் பாராட்டியது. ஆயினும் அவர் அத்துடன் அமையவில்லை. மேலும் ஆராய்ந்து, தம் பதிப்பைத் தாமே திருத்தி, 1907ஆம் ஆண்டில் இரண்டாம் பதிப்பையும் 1922ஆம் ஆண்டில் மூன்றாம் பதிப்பையும் வெளியிட்டார். தம் பிழையைத் தாமே காண்பது இழுக்கன்று என்பது அவர் கொள்கை.

பெருங்கதையைப் பதிப்பித்தபோது அவருக்கு அறுபத்தொன்பது வயது. அந்நூலின் தொடக்கமும் இறுதியும் கிடைக்கவில்லை. புலமை மிக்க அவர் எண்ணியிருப்பின், தாமே பாடல் இயற்றி நிரப்பியிருக்கலாம். அவ்வாறு செய்திலர். கிடைத்ததைக் கிடைத்தவாறே அளித்தார். பிறர் சொல்லில் தம் சொல்லைக் கலவாமையும் பிழை நீக்கும் அறத்தின் ஒரு பகுதியேயாகும்.

ஐயர் 1942ஆம் ஆண்டில் திருக்கழுக்குன்றத்தில் இயற்கை எய்தினார். அவர் காட்டிய வழி மாணவர்க்கும் உரியது. இலக்கியக் கட்டுரை எழுதி முடித்த மாணவர், மை உலர்ந்தவுடன் அதனை ஆசிரியரிடம் ஒப்படைக்க விரைதல் கூடாது. முதலில் பொருள் தெளிவாக உள்ளதா என்று படித்தல் வேண்டும். அடுத்து, எடுத்துக்காட்டிய அடிகளை மூலநூலோடு ஒப்பிடல் வேண்டும். பின்னர் ஒற்றும் புள்ளியும் பிழையின்றி உள்ளனவா என்று எழுத்தெழுத்தாக நோக்குதல் வேண்டும். ஐயப்பட்டதை ஆசிரியரிடம் கேட்டுத் தெளிதல் நலம். ஏட்டில் இல்லாத புள்ளியைத் தேடி ஒரு பெரியவர் தம் வாழ்நாளையே செலவிட்டார். தாம் இட மறந்த புள்ளியைத் தேடச் சிறிது நேரம் செலவிடுதல் மாணவர்க்கு அரிதன்று.