கண்ணாடியில் காடு வளர்த்தவர்

கோல சிலாங்கூர்த் தோட்டங்களில் மழை விட்ட மாலை வேளையில் வடிகால் ஓரமாகத் தும்பிகள் கூட்டமாகப் பறக்கும். நாம் அவற்றைக் கண்டும் காணாமல் நடந்துவிடுகிறோம். பிரான்சில் ஒருவர் தம் ஊர்த் தும்பிகளை நின்று பார்த்தார், பார்த்ததை வரைந்தார், பின்னர் அவற்றைக் கண்ணாடிக் கிண்ணங்களில் குடியேற்றினார். அவர்தாம் எமில் கல்லே.

கல்லே 1846ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் பிரான்சின் கிழக்கே உள்ள நான்சி நகரில் பிறந்தார். தந்தை சார்ல், கண்ணாடிப் பொருள்களும் பீங்கான் கலங்களும் விற்கும் வணிகர். மகனின் மனமோ செடிகொடிகளின் பின்னால் ஓடியது. இளமையிலேயே தாவரவியலை ஆழ்ந்து கற்றார். ஜெர்மனியின் வைமார் நகரில் படித்த பின், மெய்சந்தால் என்னும் சிற்றூரின் கண்ணாடித் தொழிற்சாலையில் சேர்ந்தார். வணிகர் வீட்டுப் பிள்ளையாக இருந்தும் உலையருகே நின்று தொழிலைப் பழகினார்.

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது, அவர் தாமே முன்வந்து படையில் சேர்ந்தார். பிரான்சு தோற்றது. மெய்சந்தால் ஜெர்மனியின் ஆட்சிக்குள் போனது. நான்சி பிரான்சிலேயே எஞ்சியது. அதன் பின்னும் பல ஆண்டுகள், கல்லேயின் கண்ணாடிக் கலங்கள் அந்தப் புதிய எல்லைக்கு அப்பால்தான் ஊதப்பட்டன. 1877இல் குடும்பத் தொழிலின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

அவர் கையாண்ட முறைகளுள் ஒன்று எனாமல் தீட்டுதல். நிறக் கண்ணாடியை மாவாக அரைத்து, எண்ணெயில் குழைத்து, தூரிகையால் கலத்தின்மீது தீட்டுவார்கள். பின்னர் கலத்தைச் சூளையில் வைத்து மீண்டும் சுட வேண்டும். எனாமல் உருகி ஒட்ட வேண்டும். ஆனால், கலம் இளகிவிடக் கூடாது. சூடு குறைந்தால் வண்ணம் பிடிக்காது. மிஞ்சினால் கலமே சாய்ந்துவிடும். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்திற்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் வண்ணத்தைக் கண்ணாடியின் பின்புறம் தீட்டிக் காயவிடுவதோடு வேலை முடிந்துவிடும்.

மற்றொன்று செதுக்குதல். சுழலும் சிறிய செப்புச் சக்கரத்தின் விளிம்பில் எண்ணெயும் எமரித் தூளும் தடவப்படும். கண்ணாடியை உண்மையில் அரிப்பது செம்பன்று, அந்தத் தூள்தான். சக்கரம் ஓரிடத்திலேயே சுழலும். கைவினைஞர் கலத்தை இரு கைகளாலும் பிடித்து அதனோடு அழுத்தி நகர்த்துவார். பென்சிலை அசையாமல் நிறுத்திவிட்டுத் தாளை நகர்த்தி எழுதிப் பாருங்கள். அந்த வேலையின் கடினம் ஓரளவு புரியும். கோடு ஒன்று தவறினால் அழிப்பானுக்கு அங்கு வேலையில்லை. இரண்டு மூன்று நிற அடுக்குகள் கொண்ட கலத்தில், மேலடுக்கைச் செதுக்கி நீக்கும்போது அடியிலுள்ள நிறம் இலையாகவும் இதழாகவும் வெளிப்படும்.

1878ஆம் ஆண்டின் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவருடைய நிலவொளி நிறக் கண்ணாடி பலரைக் கவர்ந்தது. கண்ணாடிக் கலவையில் சிறிதளவு கோபால்ட் ஆக்சைடு சேர்த்து அந்த இளநீலத்தைப் பெற்றார். 1889இல் பாரிசில் உயரிய பரிசும் கிடைத்தது. 1894இல் நான்சியிலேயே சொந்தக் கண்ணாடி உலையை அமைத்தார். அங்குப் பலர் வேலை செய்தனர். விலை குறைந்த கலங்களில் அமிலத்தால் அரித்தே உருவங்களை உண்டாக்கினர். ஆகவே, கல்லே என்ற பெயர் தாங்கிய எல்லாப் பொருளும் அவருடைய கைவேலை என்று எண்ணிவிடக் கூடாது.

அதே 1894ஆம் ஆண்டில் ஆல்பிரட் டிரைபஸ் என்ற யூத இராணுவ அதிகாரி, உளவு பார்த்ததாகத் தண்டிக்கப்பட்டார். பின்னர் தொலைதீவுச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்பதற்குச் சான்றுகள் வெளிவந்தும் நாட்டில் பெரும்பகுதியினர் ஏற்கவில்லை. கல்லே டிரைபசுக்காக வெளிப்படையாகக் குரல் கொடுத்தார். எல்லையோர நகரமான நான்சியில் இராணுவத்தைக் குறை கூறுவது எளிதன்று. வாடிக்கையாளர் பலர் விலகினர். பழகிய நண்பர்களும் ஒதுங்கினர். வணிகருக்கு இது பெரிய இழப்பு. ஆயினும், 1900ஆம் ஆண்டுக் கண்காட்சியில் அவர் இன்னும் ஒருபடி மேலே போனார். பொய்யையும் வெறுப்பையும் இருண்ட மனித உருவங்களாகக் காட்டும் ‘கறுப்பு மனிதர்கள்’ என்ற பூச்சாடியை மக்கள் முன் வைத்தார். அதன் உருவங்களை வரைந்து உதவியவர் அவருடைய நண்பரான ஓவியர் விக்டர் புரூவே. பூ வைக்கும் சாடி அன்று நீதி கேட்டது.

1901இல் நான்சிக் கலைஞர்களை ஒன்றுதிரட்டி ‘நான்சிப் பள்ளி’ என்னும் அமைப்பைத் தொடங்கி, அதன் தலைவரானார். அதற்குள் இரத்தப் புற்றுநோய் அவர் உடலை வாட்டத் தொடங்கியது. கடற்பாசியும் சிப்பிகளும் பற்றிய கண்ணாடிக் கை, தும்பி படிந்த கிண்ணம் ஆகியவை அவருடைய இறுதிக் காலப் படைப்புகள். 1904ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள், தம் 58ஆம் வயதில் காலமானார். டிரைபஸ் குற்றமற்றவர் என்ற தீர்ப்பு 1906இல்தான் வந்தது.

கல்லேயின் மனைவி ஆன்ரியெத் தொழிற்கூடத்தைத் தொடர்ந்து நடத்தினார். கணவர் மறைந்த பின் சில ஆண்டுகள் அங்குச் செய்யப்பட்ட கலங்களில், கல்லே என்ற பெயரின் அருகே சிறிய நட்சத்திரம் ஒன்று இடம்பெற்றது.