சுவீடன் அரசி கிறிஸ்தீனா

ஐரோப்பாவின் வடபாலுள்ள சுவீடன் தேயத்தில் 1626ஆம் ஆண்டு கிறிஸ்தீனா பிறந்தார். பிறந்த பொழுது மருத்துவிச்சியர் ஆண்மகவென மயங்கினர். பெண்ணென்றறிந்த பின்னும் தந்தையாகிய குஸ்தாவ் அடோல்பு மன்னர் வெகுளாது மகிழ்ந்தனர் என்பது கிறிஸ்தீனா தாமே எழுதிவைத்த செய்தி.

மன்னர் 1632இல் போர்க்களத்தில் மாண்டார். ஆறாண்டு நிரம்பாத சிறுமி அரசுரிமை எய்தினார். இளவரசர்க்குரிய கல்வியே தந்தையின் ஆணைப்படி அவருக்கு ஊட்டப்பட்டது. இலத்தீன், அரசியல், குதிரையேற்றம் யாவுங் கற்றார். பெண்பிள்ளைக்கு இத்துணை அமையுமென அளந்து கொடுத்தாரிலர். ஆசிரியராயுள்ளார் இதனை ஊன்றி நோக்குவாராக.

1644இல் ஆட்சியை ஏற்ற அவரை மணஞ்செய்யும்படி பெரியோர் வற்புறுத்தினர். அவர் இசைந்திலர். அத்தை மகனாகிய கார்ல் குஸ்தாவைக் கணவராகக் கொள்ளாது, 1649இல் தமக்குப்பின் அரசாளுதற்கு உரியவராக்கினார். அவருள்ளஞ் சென்றவிடம் வேறு. அரண்மனைத் தோழியாகிய எபா ஸ்பாரே என்னும் நங்கையைத் தம்முடன் ஒரே மஞ்சத்தில் துயில்பவரென இங்கிலாந்துத் தூதருக்கு வெளிப்படையாகவே அறிமுகஞ் செய்தார்.

1654இல் உப்சாலாவில் முடிதுறந்து, ஆணுடை தரித்து, டென்மார்க்கு வழியே நாடு நீங்கினார். அடுத்த ஆண்டில் வெளிப்படையாகக் கத்தோலிக்கராயினார். அச்சமய மாற்றத்தையே நூல்கள் பல விரித்துரைக்கும். யாம் கூறப்புகுந்தது அதுவன்று. அயல்நாடுகளிலிருந்து எபாவுக்கு விடுத்த கடிதங்களிற் பிரிவாற்றாமை மிகுந்துள்ளது. நட்பென்ற சொல்லால் அதனை மூடுவாருமுளர். அக்கடிதங்களுக்கு அச்சொல் போதாதென்பதே எம் கருத்து. எபா 1662இல் மறைந்தார்.

கிறிஸ்தீனா மணமின்றியே வாழ்ந்து 1689இல் உரோமாபுரியில் இறந்தார். உடலால் அவர் பெண்ணல்லரோ என்னும் ஐயம் நெடுங்காலம் உலாவியது. 1965இற் கல்லறையைத் திறந்து என்புகளை ஆராய்ந்தனர்; அவை பெண்ணொருத்தியின் என்புகளாகவே காணப்பட்டன.